கண்ணாடி மூடிக்குள் எவ்வளவு வேலை? மாடல் விமானங்களின் விமானி அறை நுணுக்கம் பற்றிய ஆய்வு

ஒற்றை இருக்கைப் போர்விமானம் ஒன்றை 1/72 அளவுக்குச் சுருக்கினால், அதன் விமானி அறை ஏறக்குறைய 12 மில்லிமீட்டர் அகலமும் 20 மில்லிமீட்டர் நீளமும் கொண்ட ஒரு குழியாகிவிடும். அதற்குள் வைக்கக் கிட் தயாரிப்பாளர் பெரும்பாலும் ஓர் இருக்கை, ஒரு தளம், ஒரு கட்டுப்பாட்டுத் தடி, கருவிப் பலகைக்கு ஒரு டீகால் (ஒட்டுப்படம்) ஆகியவற்றைத் தருகிறார். இதற்கு மேல் எவ்வளவு சேர்ப்பது என்ற கேள்வி பிளாஸ்டிக் மாடல் கட்டுவோரிடையே அரை நூற்றாண்டுக்கும் மேலாக இருந்துவருகிறது. இருக்கை வார்கள் மட்டும் போதும் என்போர் உண்டு. மூடிய பின் யார் கண்ணுக்கும் படாத குழாயைக்கூட விட்டுவிடக் கூடாது என்போரும் உண்டு.

பொதுப்படையாகப் பேசினால் விடை நழுவிக்கொண்டே போகும் கேள்வி இது. குறிப்பிட்ட விமானங்களை முன்வைத்துப் பேசினால் ஓரளவு பிடிபடும். அதற்குச் சிங்கப்பூரின் கேலாங் வட்டாரம் நல்ல களம். அதன் தென்மேற்கு ஓரத்தில் 1937 ஜூன் 12 அன்று காலாங் விமான நிலையம் திறக்கப்பட்டது. 1955இல் பாய லேபார் விமான நிலையம் வந்ததும் காலாங் மூடப்பட்டது. ஓல்ட் ஏர்போர்ட் சாலை, டக்கோட்டா கிரசென்ட், டக்கோட்டா எம்ஆர்டி நிலையம் ஆகிய பெயர்கள் இன்றும் அதை நினைவூட்டுகின்றன. பாய லேபார் இப்போது வான்படைத் தளம். சிங்கப்பூர் ஆகாயப் படையின் அரும்பொருளகமும் அதை ஒட்டியே அமைந்தது. இந்த வட்டாரத்தோடு தொடர்புடைய மூன்று விமானங்கள் இங்கே எடுத்துக்கொள்ளப்படுகின்றன: 1941-42இல் காலாங்கிலிருந்து பறந்த புரூஸ்டர் பஃபலோ போர்விமானம், போருக்குப் பின் மலாயன் ஏர்வேஸ் இயக்கிய டக்கோட்டா, ஆகாயப் படையின் ஸ்கைஹாக். நுணுக்கம் பற்றிய கேள்விக்கு மூன்றும் மூன்று விதமாக விடை சொல்கின்றன.

வெளிவடிவமே முதன்மை என்ற பார்வை

1/72 அளவில் பிளாஸ்டிக் கிட்களை முதலில் சந்தைக்குக் கொண்டுவந்தது பிரிட்டனின் ஃபிராக் நிறுவனம். அதன் பெங்குவின் வரிசை 1936இல் தொடங்கியது. இரண்டாம் உலகப் போரின்போது வானத்தில் தெரிவது நம் விமானமா எதிரி விமானமா என்று அடையாளம் காணப் படைவீரர்களைப் பழக்குவதற்கு இதே அளவில் கறுப்பு மாடல்கள் பெருமளவில் செய்யப்பட்டன. அவற்றுக்கு உட்புறமே தேவைப்படவில்லை. சிறகின் கோணம், மூக்கின் நீளம், வாலின் வடிவம் ஆகியவை சரியாக இருந்தால் வேலை முடிந்தது. 1950களில் வந்த மலிவு கிட்களும் இந்த மரபையே பின்பற்றின. தளமும் கருவிப் பலகையும் இல்லாத குழியில், ஒரு முளையின் மேல் விமானி பொம்மை அமர்ந்திருக்கும்.

வெளிவடிவமே மாடலின் உயிர் என்ற கருத்து அந்தக் காலத்தோடு மறைந்துவிடவில்லை. போட்டிகளில் கிட்டில் உள்ளதை மட்டும் வைத்துக் கட்டுவதற்கென்று தனிப் பிரிவு இருப்பது இதன் தொடர்ச்சிதான். உடலின் இரு பாதிகள் சேரும் கோடு மறைந்ததா, சிறகுகள் இருபுறமும் ஒரே கோணத்தில் உள்ளனவா, வண்ணம் சீராகப் படிந்ததா என்பவற்றையே நடுவர்கள் முதலில் பார்ப்பார்கள். உள்ளே ஐம்பது கூடுதல் பாகங்கள் இருந்தும் வெளியே இணைப்புக் கோடு பளிச்சென்று தெரிந்தால் மாடல் தோற்றுவிடும். இந்த வாதத்தை எளிதில் மறுக்க முடியாது.

ஆனால் இதற்கும் ஒரு பலவீனம் உண்டு. மாடலைப் பார்ப்பவரின் கண் முதலில் போகுமிடம் விமானி அறைதான். மனிதன் உட்காரும் இடம் அது. விமானத்தின் உண்மையான அளவை ஊகிக்க உதவும் ஒரே இடமும் அதுவே. அங்கே வெறுமை தெரிந்தால் எவ்வளவு நேர்த்தியான வெளிப்புறமும் பொம்மைபோல் தோன்றிவிடுகிறது.

கண் எவ்வளவு பிரித்தறியும்?

இந்த விவாதத்தில் அதிகம் பயன்படாத கருவி எளிய கணக்கு. நல்ல பார்வையுள்ள கண் ஏறக்குறைய ஒரு கலை அளவுள்ள கோணத்தை, அதாவது ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கைப் பிரித்தறியும். 30 செ.மீ. தொலைவில் அது சுமார் 0.09 மில்லிமீட்டர். 1/72 மாடலில் இது உண்மை விமானத்தின் 6 மில்லிமீட்டருக்குச் சற்று அதிகம். 1/48இல் 4 மில்லிமீட்டருக்கு மேல். 1/32இல் 3 மில்லிமீட்டருக்கும் குறைவு. அமெரிக்கப் போர்விமானங்களில் பரவலாக இருந்த கருவி முகப்பின் விட்டம் 3⅛ அங்குலம், அதாவது 79 மில்லிமீட்டர். அது 1/72இல் 1.1 மில்லிமீட்டர், 1/48இல் 1.65, 1/32இல் 2.5. 5 செ.மீ. அகலமுள்ள இருக்கை வார் 1/72இல் 0.7 மில்லிமீட்டராகும்.

1/72 மாடலில் கருவியின் வட்டம் தெரியும். அதன் முள் ஏறக்குறையத் தெரியாது. எண்கள் தெரியவே தெரியாது என்பது இதன் பொருள். வாரும் தெரியும், அதன் கொக்கியும் ஒரு மினுக்கமாகத் தெரியும். வார்களுக்கு மற்ற எல்லாவற்றையும்விட மதிப்பு கூடுவது இதனால்தான். அவை இருக்கையின் மேல் நேராக ஒளிபடும் இடத்தில் கிடக்கின்றன. நிறத்தாலும் பின்னணியிலிருந்து பிரிந்து நிற்கின்றன. ஒரேயொரு பாகத்தைச் சேர்ப்பதானால் அது வாராகத்தான் இருக்க வேண்டும் என்று பரவலாகச் சொல்லப்படுவதற்கு இந்தக் கணக்கும் துணை நிற்கிறது.

இதே கணக்கிலிருந்து எதிர்த் தரப்பினர் வேறொரு முடிவுக்கு வருகிறார்கள். 1/72 மாடலை 30 செ.மீ. தொலைவிலிருந்து பார்ப்பது உண்மை விமானத்தை 21.6 மீட்டர் தள்ளி நின்று பார்ப்பதற்குச் சமம். அத்தனை தொலைவிலிருந்து விமானி அறைக்குள் இருக்கும் விசைகளை யாரும் பார்க்க முடியாது. ஆகவே மாடலிலும் அவை தேவையில்லை என்பது அவர்கள் வாதம். கணக்கில் பிழை இல்லை. ஆனால் மாடலை யாரும் ஒரே தொலைவில் நின்று பார்ப்பதில்லை. கையில் எடுத்து மேலிருந்து குனிந்து பார்க்கிறார்கள். சிலர் உருப்பெருக்கியும் வைத்துக்கொள்கிறார்கள். நெருங்கிப் படமெடுக்கும் கைப்பேசிக் கேமராக்கள் வந்தபின் 12 மில்லிமீட்டர் அறை திரையில் உள்ளங்கையளவு விரிகிறது. கண்ணுக்காகச் செய்த மாடலைக் கேமரா கண்டிப்பான அளவுகோலால் அளக்கிறது. நுணுக்கத்தின் தேவை அண்மைக் காலத்தில் கூடியதற்கு இது ஒரு முக்கியக் காரணமாக இருக்கலாம்.

எதையும் விடாத தரப்பு

1970களில் பிளாஸ்டிக் அட்டையை வெட்டி, ஸ்ப்ரூவை (கிட்டின் பாகங்களைத் தாங்கும் பிளாஸ்டிக் சட்டத்தை) சூடாக்கி நீட்டிய இழைகளைக் கம்பிகளாக்கி, அறையை முழுமையாகத் தாமே கட்டும் பழக்கம் பிரிட்டனில் வேரூன்றியது. முதல் உலகப் போர் விமானங்களை பிளாஸ்டிக் அட்டையில் கட்டிக்காட்டிய ஹாரி உட்மேன் இந்த மரபின் முக்கியமான பெயர். திறந்த அறையும் துணிபோர்த்திய உடலும் கொண்ட அந்த விமானங்களில் உட்புறச் சட்டங்கள் உண்மையிலேயே வெளியே தெரியும். பிற்காலத்தில் இந்த முறை மூடிய கண்ணாடி கொண்ட விமானங்களுக்கும் பரவியபோது, தெரிவதற்காகச் செய்வது என்ற முதல் காரணம் மங்கி, முழுமைக்காகச் செய்வது என்ற புதிய காரணம் அதன் இடத்துக்கு வந்தது.

அமெரிக்காவின் மோனோகிராம் 1970களின் பிற்பகுதியிலும் 1980களிலும் வெளியிட்ட 1/48 ஜெட் விமானக் கிட்கள், அறைக்குள் விசைகளையும் கருவிகளையும் புடைப்பாகவே வார்த்துத் தந்து அளவுகோலை உயர்த்தின. அடுத்து, 1989இல் அன்றைய செக்கோஸ்லோவாக்கியாவில் தொடங்கிய எடுவார்ட் நிறுவனம் அமிலத்தால் அரித்துச் செய்த பித்தளைத் தகடுகளை உலகெங்கும் பரப்பியது. ஏரெஸ் போன்ற நிறுவனங்கள் ரெசினில் முழு அறைகளையே வார்த்து விற்றன. பின்னர் வண்ணம் அச்சிட்ட தகடுகள் வந்தன. 2020ஐ ஒட்டி, புடைப்பான மைப்படலமாக அச்சிட்ட முப்பரிமாண டீகால்களைக் குவின்டா ஸ்டுடியோ போன்றவை பரவலாக்கின. முன்பு பல மாலைகள் எடுத்த கருவிப் பலகை இப்போது ஒரு மணி நேரத்தில் முடிகிறது.

முழுமையை நாடும் தரப்பின் வாதத்தில் பாதி தொழில் சார்ந்தது, பாதி மனம் சார்ந்தது. உள்ளே இருப்பது தெரியாவிட்டாலும், அது இருக்கிறது என்று கட்டியவருக்குத் தெரியும். அந்த அறிவே நிறைவு தருகிறது. இதை யாரும் தவறென்று சொல்ல முடியாது. ஆனால் இதற்கு விலையும் உண்டு. ஒவ்வொரு பாகமும் ஒரு பிழைக்கான வாய்ப்பு. தட்டையான பித்தளையில் வெட்டிய நெம்புகோல் பக்கவாட்டில் காகிதம்போலத் தெரியும். எல்லாவற்றையும் விட மோசமானது, நிரம்பிய அறை உடலின் இரு பாதிகளையும் மூடவிடாமல் தள்ளிப்பிடிப்பது. அப்போது உள்ளே செய்த நல்ல வேலை வெளியே கெட்ட இணைப்பாக வெளிப்படுகிறது.

ஒளியையும் நிழலையும் வரைவோர்

மூன்றாவது தரப்பு பாகங்களைக் கூட்டாமல் தோற்றத்தைக் கூட்டுகிறது. பெல்ஜியத்தின் பிரான்சுவா வெர்லிண்டன் 1980களில் பரப்பிய பாணி இதன் ஊற்று. பள்ளங்களில் நீர்த்த கரிய வண்ணத்தை ஓடவிட்டு, மேடுகளில் ஏறக்குறைய உலர்ந்த தூரிகையால் வெளிர் நிறத்தைத் தேய்த்தால், ஆழமற்ற அறையும் ஆழமானதாகத் தோன்றும். தொலைவிலிருந்து விளக்கொளியில் பார்க்கும் கூத்தில் முகத்தின் அரிதாரம் மிகையாக இருக்க வேண்டியிருப்பதுபோல, சிறு மாடலிலும் நிழலை மிகைப்படுத்தியே காட்ட வேண்டும் என்பது இவர்கள் நிலை. வெயிலில் நிற்கும் உண்மையான விமான அறைக்குள் விழும் கூர்மையான நிழல், வீட்டின் பரவலான ஒளியில் வைத்துப் பார்க்கும் மாடலுக்குள் அதே கூர்மையோடு விழுவதில்லை என்பதால், இந்த நிலைக்கு அடிப்படை இருக்கிறது.

இதன் குறை காலப்போக்கில் தெரிந்தது. மிகை ஒரு வாய்பாடாக இறுகி, எல்லா விமானங்களின் அறைகளும் ஒரே மாதிரி விளிம்பு வெளுத்து, ஒரே மாதிரி கறுத்துக் காட்சியளித்தன. சில வாரங்களே பறந்த விமானத்தின் உட்புறம் பத்தாண்டு உழைத்த இயந்திரம்போலத் தேய்ந்திருப்பதற்கு எந்தச் சான்றும் இல்லை.

எந்த விமானத்தின் அறை?

கேலாங்கின் மூன்று விமானங்களை வைத்துப் பார்த்தால், மேற்சொன்ன மூன்று தரப்புகளும் ஒரு கேள்வியைக் கவனிக்காமல் விட்டிருப்பது தெரிகிறது. கண்ணாடித் திறப்பு எவ்வளவு பெரியது, அதன் வழியே என்ன தெரியும் என்பதே அது.

டக்கோட்டாவை முதலில் எடுத்துக்கொள்ளலாம். மலாயன் ஏர்வேஸ் 1947 மே மாதம் ஏர்ஸ்பீடு கான்சல் விமானத்தோடு தன் பயணச் சேவையைத் தொடங்கியது; டக்கோட்டாக்கள் அதே ஆண்டில் சேர்ந்தன. டக்கோட்டாவின் விமானி அறைக்கு முன்னால் இரு கண்ணாடிகளும் பக்கங்களில் சிறு சன்னல்களும் மட்டுமே உள்ளன. 1/72இல் அவற்றின் வழியே தெரிவது இருக்கைகளின் மேல்விளிம்பு, கருவிப் பலகையின் மேல்மூடி, கட்டுப்பாட்டுச் சக்கரத்தின் ஒரு வளைவு ஆகியவைதான். பின்சுவரில் வானொலிப் பெட்டிகளை வரிசையாகக் கட்டிவைத்தாலும் அவை இருளில்தான் இருக்கும். இங்கே அடர்ந்த நிறமும் சரியான இருக்கை உயரமும் எந்த ரெசின் தொகுப்பையும்விட அதிகம் உதவும்.

பஃபலோ இதற்கு நேர் எதிர். பருத்த உடலின் மேல் நீண்ட கண்ணாடிக் கூண்டு; அதன் பின்பகுதி விமானியின் முதுகுக்கு அப்பாலும் நீள்கிறது. வயிற்றின் அடியில்கூட ஒரு சன்னல் உண்டு. மூன்று பக்கங்களிலிருந்தும் வெளிச்சம் நுழைவதால் இருக்கைக்குப் பின்னுள்ள சட்டங்கள் வரை தெரிகின்றன. தமியா 1970களில் 1/48இல் வெளியிட்ட பஃபலோ போன்ற பழைய கிட்களை இன்று கட்டுவோர் உட்புறத்தில் கூடுதல் வேலை செய்வதற்கு இந்த வெளிச்சமே காரணம். இங்கே அதைத் தேவையற்ற வேலை என்று சொல்லிவிட முடியாது.

ஆனால் பஃபலோவில் வேறொரு சிக்கல் எழுகிறது: எந்தப் பஃபலோ? காலாங்கில் 1941இல் நிலைகொண்ட பிரிட்டனின் 243ஆம் ஸ்குவாட்ரனும் நியூசிலாந்தின் 488ஆம் ஸ்குவாட்ரனும் ஓட்டியது பி-339இ வகை. பிரிட்டன் வாங்கியவை 170. ஓரளவு முழுமையாக எஞ்சியிருக்கும் ஒரே பஃபலோ பின்லாந்துக்குச் சென்ற பி-239 வகையைச் சேர்ந்த பிடபிள்யூ-372. 1998இல் ஓர் ஏரியின் அடியிலிருந்து அது மீட்கப்பட்டது. அதன் அறையை அளந்தோ படம்பிடித்தோ செய்யப்படும் பாகங்கள் பின்லாந்து விமானத்துக்குச் சரியாக இருக்கலாம். பிரிட்டிஷ் கருவிகள் பொருத்திய சிங்கப்பூர் விமானத்துக்கு அப்படியே பொருந்தாது. போதாததற்கு, ஜப்பானிய விமானங்களை எதிர்கொள்ளப் பஃபலோ மிகக் கனமாக இருந்ததால், கனரகத் துப்பாக்கிகளுக்குப் பதில் இலகுவானவற்றை மாற்றியும் சில கருவிகளைக் கழற்றியும் படைப்பிரிவினர் எடையைக் குறைத்தார்கள். 1941 டிசம்பரில் இருந்த அறையும் 1942 ஜனவரியில் இருந்த அறையும் ஒன்றாக இருந்தன என்று கொள்ள முடியாது. சிங்கப்பூரில் எடுத்த பஃபலோ படங்கள் கணிசமாக உள்ளன என்றாலும் அவை பெரும்பாலும் வெளிப்புறத்தையே காட்டுகின்றன.

நிறம் இதைவிடக் கடினம். பிரிட்டிஷ் விமான அறைகளுக்குச் சாம்பல்பச்சை, அமெரிக்க அறைகளுக்கு வேறொரு பச்சை என்று பொதுவாகச் சொல்லிவிடலாம். அமெரிக்காவில் கட்டிப் பிரிட்டனுக்கு விற்ற விமானத்தில் எந்த வழக்கம் நிலவியது? எதிரணியிலும் இதே நிலைதான். ஜப்பானின் ஜீரோ போர்விமானத்தை வடிவமைத்தது மிட்சுபிஷி என்றாலும் நகாஜிமாவும் அதைப் பெருமளவில் கட்டியது. இரு தொழிற்சாலைகளின் உட்புறப் பச்சையும் வேறுபட்டதாகக் கொள்ளப்படுகிறது. எஞ்சிய துண்டுகளின் நிறமோ எண்பது ஆண்டுகளில் மாறியிருக்கும்.

ஸ்கைஹாக்கில் சான்றுக்குக் குறைவில்லை, கிட்டுக்குத்தான் குறை. சிங்கப்பூர் 1970களில் பெற்ற ஏ-4எஸ், அமெரிக்கக் கடற்படையின் பழைய ஏ-4பி விமானங்களைப் புதுப்பித்துச் செய்தது. 1980களில் எஃப்404 எஞ்சினும் புதிய மின்னணுக் கருவிகளும் பொருத்தப்பட்டு அது சூப்பர் ஸ்கைஹாக்காகியது. விமானியின் கண்மட்டக் காட்சித் தகடும் புதிய திரைகளும் அறையின் தோற்றத்தையே மாற்றின. அமெரிக்க ஏ-4பி கிட்டின் வட்டக் கருவிகள் நிறைந்த பலகை இதற்குச் சரிவராது. இருக்கை இரண்டுள்ள பயிற்சி விமானத்தில் வேறுபாடு இன்னும் பெரிது. அமெரிக்கப் பயிற்சி ஸ்கைஹாக்கில் இருவருக்கும் ஒரே நீண்ட கண்ணாடி. சிங்கப்பூரின் டிஏ-4எஸ்ஸில் இரு அறைகள், இரு தனி மூடிகள், இடையே உயர்ந்த ஒரு திமில். உலகில் வேறெந்தப் படையிடமும் இப்படியொரு ஸ்கைஹாக் இருந்ததில்லை. இங்கே விமானி அறையில் செய்யும் வேலையைக் கூடுதல் அலங்காரம் என்றே சொல்ல முடியாது. அதைச் செய்யாவிட்டால் அது சிங்கப்பூர் விமானமே ஆகாது. முழுமையை நாடுவோருக்கும் வெளிவடிவத்தை வற்புறுத்துவோருக்கும் இடையிலான பழைய பகை இந்த ஒரு மாடலில் பொருளிழந்துவிடுகிறது. மூடி பின்பக்கக் கீலில் உயர்ந்து திறப்பதால், தரையில் நிற்கும் நிலையில் திறந்து காட்டுவதும் இயல்பு. செய்த வேலை வீணாகாத விமானம் இது.

பொருளும் பொருத்தமும்

எவ்வளவு சேர்ப்பது என்பதைப் பல நேரங்களில் தீர்மானிப்பது கொள்கையன்று, பிளாஸ்டிக்கின் தடிமன். கிட்டின் உடற்சுவர் 1 மில்லிமீட்டர் தடிமன் என்றால், அது 1/72இல் 7 செ.மீ. கனமுள்ள உலோகச் சுவர். உண்மையில் அங்கே இருப்பது மெல்லிய தகடு. ரெசின் அறை உள்ளே நுழைய வேண்டுமானால் சுவரை உட்புறமாகச் சுரண்டி, வெளிச்சம் ஊடுருவும் அளவுக்கு மெலிதாக்க வேண்டும். ஒட்டுவதற்கு முன் பலமுறை பொருத்திப் பார்ப்பதே இதில் பாதி வேலை.

கண்ணாடி மூடிக்கும் இதே சிக்கல் உண்டு. தடித்த மூடி ஒளியை வளைத்து உள்ளே உள்ளதைக் கலக்கிக் காட்டும். வெற்றிடத்தில் இழுத்து வார்த்த மெல்லிய மூடியை மாற்றினால் அதே அறை தெளிவாகத் தெரியும். பாகங்களைக் கூட்டுவதற்கு முன் மூடியை மாற்றுவது கூடுதல் பயன் தரும் என்ற கருத்துக்கு உரிய கவனம் கிடைக்கவில்லை.

சிங்கப்பூரின் ஈரக் காற்றும் இந்த வேலையில் தலையிடுகிறது. லாக்கர் வண்ணம் அதிக ஈரப்பதத்தில் வெண்மை பூக்கக்கூடும். உடனடி ஒட்டுப் பசையின் ஆவி மூடிய அறைக்குள் தங்கி, கண்ணாடியின் உட்புறத்தில் வெண்படலமாகப் படியும். ஒருமுறை மூடி ஒட்டிவிட்டால் அதைத் துடைக்க வழியில்லை. தெளிவான அக்ரிலிக் மெருகில் மூடியை முக்கி உலரவைப்பதும், மூடியை வெள்ளைப் பசையால் ஒட்டுவதும் இதற்கான வழக்கமான மாற்றுகள். மூடியைத் திறந்தே வைத்தால் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் வீவக வீட்டில் கண்ணாடிப் பெட்டி இல்லாத அலமாரியில் வைத்தால், தூசி நேராக அறைக்குள் இறங்கும். நுணுக்கமான அறையைத் தூசி தட்டுவது எளிதன்று.

இன்னும் தீராதவை

சில செய்திகளில் இன்று பரந்த உடன்பாடு உண்டு. இருக்கை, வார், தலைச்சாய்வு, குறிநோக்கி, கருவிப் பலகையின் மேல்மூடி ஆகிய ஐந்தும் எந்த அளவிலும் கண்ணில் படும். பாதமிதிகளும் தளமும் 1/72இல் பெரும்பாலும் படுவதில்லை. 1/32இல் நிலை வேறு; அங்கே அறை முழுவதுமே வெளிச்சத்துக்கு வந்துவிடுகிறது, கிட் தயாரிப்பாளர்களும் அதற்கேற்பவே பாகங்களைத் தருகிறார்கள்.

உடன்பாடு எட்டாதவையும் பல. முப்பரிமாண டீகால் சில நிமிடங்களில் தரும் துல்லியத்தை, கையால் வரைந்த பலகையோடு போட்டியில் ஒரே தட்டில் வைப்பது நியாயமா என்ற கேள்வி நடுவர்களுக்கு இனி அடிக்கடி வரும். அந்த டீகால்களின் மெருகும் ஒட்டும் தன்மையும் வெப்பமண்டல ஈரத்தில் இருபது ஆண்டுகள் நிற்குமா என்பது காலத்தால் மட்டுமே தெரியவரும். பித்தளைக்கும் ரெசினுக்கும் அந்தச் சோதனை ஏற்கெனவே நடந்து முடிந்திருக்கிறது. மிகையான நிழல் எந்த அளவில் தேவையற்றதாகிறது என்பதற்கும் ஒப்புக்கொண்ட எல்லை இல்லை. 1/48 மாடலைச் சிலர் அந்த எல்லைக்கு இப்பாலும் சிலர் அப்பாலும் வைக்கிறார்கள்.

பி-339இ பஃபலோவின் உட்புற நிறத்தைப் பொறுத்தவரை, போர்க்களத்தில் வீழ்ந்த விமானங்களின் துண்டுகளும் ஜப்பானியர் கைப்பற்றிப் பரிசோதித்த விமானங்களின் படங்களும்தான் இனி வழிகாட்டக்கூடியவை. கறுப்புவெள்ளைப் படம் நிறத்தைச் சொல்லாது. துண்டுகளில் எஞ்சிய பூச்சு முதற்பூச்சா மேற்பூச்சா என்பதும் எளிதில் தெரியாது. காலாங்கின் 243ஆம் ஸ்குவாட்ரன் விமானம் ஒன்றைக் கட்டுபவர் சாம்பல்பச்சையைத் தேர்ந்தாலும் அலுமினிய நிறத்தைத் தேர்ந்தாலும், இன்றைய சான்றுகளை வைத்து அவரைத் தவறென்று நிறுவுவது கடினம். ஸ்கைஹாக்கின் நிலை வேறு. அந்த விமானங்களை ஓட்டியவர்களும் பழுதுபார்த்தவர்களும் இன்றும் சிங்கப்பூரில் வாழ்கிறார்கள். 2005 வரை அவை இங்கே பணியில் இருந்தன. டிஏ-4எஸ்ஸின் பின்னறைப் பலகை எப்படி இருந்தது, மேம்பாட்டுக்குப் பின் என்ன மாறியது என்பதை அவர்களிடம் கேட்டுப் பதிவுசெய்ய இப்போது முடியும்.